லினக்ஸ்திரெட்ஸைக் கழற்றிய அனுபவம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சர்வர்கள் என் பொறுப்பில் இருந்தன. பார்கோடு ரீடர்களும் பிஎல்சியும் அனுப்பும் தகவலைச் சேமிக்க ஒரு சி++ புரோகிராம். எழுதித் தந்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். சோர்ஸ் மட்டும் எங்களிடம் இருந்தது. அந்தப் புரோகிராமை ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4-இலிருந்து 5-க்கு மாற்ற வேண்டும்.

2007-இல் வந்த அந்த 5-இல் லினக்ஸ்திரெட்ஸ் கிடையாது. சேவியர் லெராய் எழுதிய அந்தத் திரெட் லைப்ரரியில் ஒவ்வொரு திரெட்டும் தனி பிராசஸ், தனி பிஐடி. உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் செய்த என்பிடிஎல் 2003-லேயே அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய புரோகிராம்களுக்காக ஒரு பின்வாசல் இருந்தது: 'எல்டி_அஸ்யூம்_கெர்னல்' என்ற சூழல் மாறியில் 2.4.1 என்று போட்டால் பழைய லைப்ரரியே ஏறும்.

எங்கள் யூசரின் புரொஃபைலில் அந்த வரி இருந்தது. 5-இல் அந்தப் பின்வாசல் மூடப்பட்டுவிட்டது. புது சர்வரில் உள்ளே நுழைந்ததும் 'எல்எஸ்' போட்டால், லிப்சி கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. 'கேட்' போட்டாலும் அதே பல்லவி. டிஸ்க் போய்விட்டது என்றே யாரும் நினைப்பார்கள். 'அன்செட்' ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்பதால் அது வேலை செய்யும். மாறியை நீக்கியதும் எல்லாம் சரியாகிவிடும். ஓஎஸ் மாற்றும் முன் எல்லா ஸ்கிரிப்டிலும் இந்தப் பெயரை கிரெப் செய்துவிடுங்கள்.

அடுத்தது காவல் ஸ்கிரிப்ட். 'பிஎஸ்' காட்டும் வரிகளை எண்ணி, குறைந்தால் புரோகிராமை மறுபடி கிளப்பிவிடும். என்பிடிஎல்லில் எத்தனை திரெட் இருந்தாலும் ஒரே வரிதான். நன்றாக ஓடுவதையே கொன்று கொன்று எழுப்பிக்கொண்டிருந்தது.

இவை சத்தம் போடும் கோளாறுகள், பரவாயில்லை. பயமுறுத்தியது மூன்றாவது. ஒவ்வொரு ஸ்டேஷனின் திரெட்டும் தன் பிஐடியைப் பெயராக வைத்துத் தற்காலிகக் கோப்பு எழுதும். புதிய லைப்ரரியில் எல்லாத் திரெட்டுக்கும் பிஐடி ஒன்றுதான், ஆக கோப்பும் ஒன்றுதான். இரண்டு ஸ்டேஷன்களின் ஸ்கேன் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டது. எரர் இல்லை, லாக்கில் ஒரு முனகலும் இல்லை. பழைய சர்வரையும் புதியதையும் ஒரே ஸ்கேன்களுடன் ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எண்ணிக்கையை ஒப்பிட்டதால்தான் சிக்கியது. கோப்புப் பெயரில் ஸ்டேஷன் எண்ணைச் சேர்த்தோம், தீர்ந்தது. 'கெட்பிஐடி' என்று சோர்ஸ் முழுக்கத் தேடுவது அரை மணி நேர வேலை. எந்த மேனேஜரும் அதற்கு நேரம் ஒதுக்கமாட்டார், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தைப் பொங்கல் ஷட்டவுனில் செய்வது நல்லது. கார் கம்பெனிக்கு லாரி காத்திருக்கும் நாளில் வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த புரோகிராமுக்குள் பழைய லைப்ரரி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஓஎஸ்ஸிலிருந்து எடுத்தாலும் அது போகாது. சந்தேகமிருந்தால் 'எல்டிடி' போட்டுப் பாருங்கள்.