சமதளத்தில் ஓடும் நீண்ட ஓட்டம்

(வேதபாடம்)

வாசிக்க: 1 கொரிந்தியர் 9:24–27, கலாத்தியர் 6:9, எபிரெயர் 12:1–3

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,

விசுவாச வாழ்க்கையை வேதம் பல இடங்களில் ஓட்டத்துக்கு ஒப்பிடுகிறது. இம்முறை அந்த ஒப்புமையை ஒரு மராத்தான் ஓட்டத்தைக் கொண்டு தியானிக்க விரும்புகிறோம். மலையும் மேடும் இல்லாத, கடலோரத்தில் உள்ள ஒரு சிறிய ஊரின் ஓட்டம் அது. அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது நமது மருத்துவ ஊழியத்துக்கும், அதைத் தாங்கும் உங்கள் ஊழியத்துக்கும் மிகவும் பொருந்துகிறது.

1. பவுல் அறிந்திருந்த ஓட்டக்களம்

கொரிந்து பட்டணம் இரண்டு கடல்களுக்கு நடுவே, ஒடுங்கிய நிலப்பகுதியின் அருகே இருந்தது. அதன் கிழக்குத் துறைமுகம் கெங்கிரேயா. நமது சகோதரியாகிய பெபேயாள் ஊழியம் செய்த சபை அங்கேதான் இருந்தது (ரோமர் 16:1). அந்த நிலப்பகுதியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. வென்றவனுக்குக் கிடைத்த கிரீடம் பொன்னாலானதல்ல. பைன் மரத் தழையிலோ, வாடிய செலரிக் கீரையிலோ பின்னிய வளையமே பரிசு. சில நாட்களில் உதிர்ந்துபோகும் அந்தக் கிரீடத்துக்காக ஒருவன் எவ்வளவு ஒடுக்கத்தோடு பயிற்சி செய்கிறான் என்று பவுல் எழுதியபோது, கொரிந்து சபையார் அதை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

பவுலின் காலத்தில் மராத்தான் போட்டி இல்லை. அன்றைய நீண்ட ஓட்டமே சில கிலோமீட்டர் தூரந்தான். கிரேக்க நாட்டின் கடலோரச் சமவெளியான மராத்தான் என்னும் இடத்தின் பெயரால் 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் இந்தப் போட்டி தொடங்கிற்று. அப்போது தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரே 1921-ல் நிரந்தர அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

2. ஒரு சிறிய ஊர், சில நூறு பேர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில் நியூபோர்ட் என்றொரு ஊர் உண்டு. மக்கள்தொகை ஏறக்குறைய 10,000. மீன்பிடி படகுகளும் கலங்கரை விளக்கமும் உள்ள ஊர். இங்கே பல ஆண்டுகளாகக் கோடையின் தொடக்கத்தில் ஒரு மராத்தான் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. கடலோரத் தெருக்களைச் சுற்றிய பின்பு, பாதை யாக்குவினா விரிகுடாவின் கரைச் சாலையில் உள்நோக்கிச் சென்று, அதே சாலையில் திரும்பி வருகிறது. தண்ணீரின் ஓரமாகவே போவதால் பெரும்பகுதி சமதளம். அந்த விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. ஆகவே வழியில் ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீரோடு பச்சைச் சிப்பியும் நீட்டுவது அந்த ஓட்டத்தின் வேடிக்கையான வழக்கம்!

நியூயார்க் மராத்தானில் 50,000-க்கும் அதிகமானோர் ஓடுகிறார்கள். வழிநெடுகக் கூட்டம் கைதட்டுகிறது. சிறிய ஊரின் ஓட்டத்தில் ஓடுகிறவர்கள் சில நூறு பேரே. முதல் சில கிலோமீட்டருக்குள் கூட்டம் கலைந்துவிடும். பாதி தூரத்துக்குப் பின்பு முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் கண்ணுக்குத் தெரியாமல், தன் காலடியின் ஓசையை மட்டும் கேட்டு ஓட வேண்டியிருக்கும். இது தோல்வியின் அடையாளமல்ல. சிறிய ஓட்டத்தின் இயல்பே இதுதான்.

3. சமதளம் எளிதானதா?

மேடு இல்லாத பாதை எளிது என்றே யாரும் நினைப்பார்கள். நல்ல நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் போவதும் உண்மை. ஆனால் சமதளத்துக்கென்று சில சோதனைகள் உண்டு.

முதலாவது, சமதளத்தில் வேகத்தைத் தடுப்பது எதுவும் இல்லை. மேடு வந்தால் கால் தானாக நிதானிக்கும். சமதளத்திலோ காலையின் குளிர்ச்சியும் உடலின் புத்துணர்வும் சேர்ந்து, ஓட்டக்காரரைத் தன் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் இழுத்துச் செல்லும்.

இரண்டாவது, ஏற்றத்தில் ஒருவகைத் தசைகளும் இறக்கத்தில் வேறுவகைத் தசைகளும் அதிகம் உழைக்கும். சமதளத்தில் ஒரே தசைகள் ஒரே விதமாக ஆயிரமாயிரம் முறை இயங்குகின்றன. அவைகளுக்கு மாறுதலும் இல்லை, ஓய்வும் இல்லை.

மூன்றாவது, கடற்காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வீசத் தொடங்கும். உள்நோக்கிப் போனவர் கடலை நோக்கித் திரும்பும்போது, களைத்த நேரத்தில் காற்று முகத்தில் அடிக்கும். மேடு இல்லாத பாதையில் கண்ணுக்குத் தெரியாத மேடு இதுவே.

4. 30-வது கிலோமீட்டரில் நிற்கும் சுவர்

நீண்டதூர ஓட்டக்காரர்கள் “சுவர்” என்று ஒன்றைக் குறித்துப் பேசுவார்கள். மருத்துவர்களாகிய எங்களுக்கு அதன் காரணம் விளங்கும். நாம் உண்ணும் மாவுச்சத்து கிளைகோஜன் என்னும் பொருளாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பு சுமார் 2,000 கலோரி அளவுதான். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் முழு தூரத்தையும் ஓட ஏறக்குறைய 2,500 கலோரி தேவை. கணக்கு இடிக்கிறதல்லவா? கொழுப்பு நம் உடலில் ஏராளமாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் சக்தியாக மாறும். வேகமாகத் தொடங்கியவர் கிளைகோஜனைச் சீக்கிரம் செலவழித்து, சுமார் 30 கிலோமீட்டரில் கால் கனத்து, தலை சுற்றி, மனம் சோர்ந்து நிற்கிறார். நிதானமாகத் தொடங்கியவரோ கொழுப்பையும் சேர்த்துச் செலவழிப்பதால் சேமிப்பு நீடிக்கிறது. வழியில் சிறிது சிறிதாக மாவுச்சத்து உட்கொள்வதும் உதவும்.

தண்ணீரிலும் இதே நிதானம் வேண்டும். 2002-ல் பாஸ்டன் மராத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் உப்பு குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து, ஓட்டத்தின்போதே உடல் எடை கூடியவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. இது கடுமையானால் வலிப்பும் மரணமும்கூட நேரிடலாம். தாகத்துக்கு ஏற்ப, சிறிது சிறிதாகக் குடிப்பதே பாதுகாப்பு. ஒரே மேஜையில் ஒரு குடம் தண்ணீர் வைப்பதால் பயனில்லை. வழிநெடுக மேஜைகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒருவர் காத்திருக்க வேண்டும்.

5. எங்கள் வார்டுகளில் ஓடப்படும் ஓட்டம்

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றுவது குறுகிய ஓட்டம் போன்றது. எல்லாரும் ஓடிவருவார்கள். ஆனால் எங்களிடம் வரும் அநேகருடைய வியாதி நீண்ட ஓட்டத்தையே கேட்கிறது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளுக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு இன்று 6 மாதச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதல் 2 மாதங்கள் 4 மருந்துகள். அடுத்த 4 மாதங்கள் 3 மருந்துகள். முன்நாட்களில் நோயாளிகள் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருப்பார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து உட்கொண்டாலும் அதே பலன் கிடைக்கும் என்பதை 1959-ல் வெளியிட்டு, உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிற்று. இது ஏழைகளுக்குப் பெரிய ஆசீர்வாதம். ஆனால் அதோடு ஓட்டக்களமும் மாறிவிட்டது. வார்டில் நர்ஸ் அருகில் நின்று மருந்து கொடுப்பது பெருநகரத்து ஓட்டம் போன்றது. குடிசையில் தனியாக ஒவ்வொரு நாளும் மாத்திரையை விழுங்குவது, கைதட்ட ஆளில்லாத சிறிய ஊரின் ஓட்டம்.

எங்கே ஓட்டம் நின்றுபோகிறது? தொடக்கத்தில் அல்ல. இரத்தம் கலந்த சளியைக் கண்டு பயந்த ஒருவர் முதல் வாரங்களில் மருந்தைத் தவறவிடமாட்டார். இரண்டாம் மாதம் முடியும்போது இருமல் குறைந்திருக்கும், பசி எடுத்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். கூலி வேலைக்குத் திரும்பலாம் என்று உடல் சொல்லும். மாத்திரை போட்டால் குமட்டல். ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி நஷ்டம். “சுகமாகிவிட்டேனே, இனி எதற்கு?” என்ற கேள்வி அப்போதுதான் எழும்புகிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, சமதளம். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் கிருமிகள் எல்லாம் செத்துவிடவில்லை. மெதுவாகப் பெருகுகிறவைகளும் உறங்கிக் கிடக்கிறவைகளும் மீதியிருக்கின்றன. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு உட்கொண்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரக்கூடும். அதன்பின்பு வேறு மருந்துகள், அதிகப் பக்கவிளைவுகள். இதற்கிடையே அதே கூரையின் கீழே படுத்துறங்கும் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றும். முதல் 2 மாதம் நன்றாக ஓடியதினால் மட்டும் இவைகள் தடுக்கப்படுவதில்லை.

ஆகவேதான் எங்கள் கிராம ஊழியர்கள் மூன்றாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் வீடு தேடிப் போகிறார்கள். காசநோய் மருந்தை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. ஆனால் பஸ் கட்டணம், ஒரு பை அரிசியும் பருப்பும், “அண்ணே, இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா?” என்று கேட்கும் ஒரு குரல், இவைகளே அவர்களுடைய தண்ணீர் மேஜைகள். அந்த மேஜைகளை வைப்பது உங்கள் காணிக்கை.

6. தாங்குகிறவர்களின் ஓட்டம்

பிரியமானவர்களே, உங்கள் ஓட்டத்துக்கும் ஒரு சமதளம் உண்டு. புதிய கட்டிடத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டும்போதும் கிறிஸ்துமஸ் காலத்திலும் கொடுப்பதற்கு உற்சாகம் பெருகும். கட்டிடத்தின் மேல் பெயர்ப்பலகையாவது இருக்கும். மின்சாரக் கட்டணத்துக்கும், இரவு நேர நர்ஸின் சம்பளத்துக்கும், கிராம ஊழியரின் சைக்கிள் டயருக்கும் பெயர்ப்பலகை கிடையாது. வருடத்தின் நடுவில் வரும் சிறிய மாதக் காணிக்கைகளே இவைகளைச் சந்திக்கின்றன. அவை நின்றால் கதவு மூடப்படுவதில்லை. முதலாவது நின்றுபோவது அந்த வீடு சந்திப்புகளே. யாரும் கவனிக்காத இடத்தில், ஐந்தாம் மாதத்து நோயாளி தனியாக விடப்படுவார்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பது மிஞ்சிய வேகத்தை அல்ல. ஒரே மாதத்தில் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்துச் சோர்ந்துபோவதைவிட, உங்கள் அளவறிந்து, ஜெபத்தோடு தீர்மானித்து, தொடர்ந்து கொடுப்பதே இந்த ஓட்டத்துக்கு ஏற்றது. நன்மை செய்வதில் தளர்ந்துபோகாதவர்களுக்கு ஏற்ற காலத்தில் அறுப்பு உண்டென்று கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் தைரியப்படுத்துகிறார். விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையிலுள்ள காலமே சமதளம்.

பவுலின் ஒப்புமைக்கும் நமது ஓட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இஸ்த்மிய களத்தில் ஒருவனுக்கே கிரீடம். மராத்தானிலோ, முதலில் வந்தவர் வீடு போய்ச் சேர்ந்த பின்பும், கடைசியாக வருகிறவருக்காகத் தண்ணீர் மேஜையில் சிலர் காத்திருப்பார்கள். முடிவுக்கோட்டைக் கடக்கும் அவருக்கும் பதக்கம் உண்டு. மிஷன் மருத்துவமனையும் அப்படிப்பட்ட மேஜையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வாஞ்சை. எபிரெயர் நிருபமோ நமது கண்களை இன்னும் மேலே திருப்புகிறது: நமக்கு முன்னே இந்தப் பாதையை ஓடி முடித்தவர் இயேசு. சிலுவையின் நிந்தையைச் சகித்த அவரை நோக்குகிறவர்கள், கைதட்டுகிறவர் இல்லாத இடத்திலும் ஓடக் கூடும்.

சிந்திக்கவும் ஜெபிக்கவும்

1. உங்கள் விசுவாச வாழ்க்கையில் இப்போது ஏற்றமா, இறக்கமா, சமதளமா? சமதளமானால், எதிலே சோர்வு காண்கிறீர்கள்?

2. உங்கள் சபையில் நீண்டகாலச் சிகிச்சையில் இருப்பவர் யார்? முதல் வாரத்தில் அவரைச் சந்தித்த நீங்கள் அதன்பின்பு சந்தித்தீர்களா?

3. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையுள்ள காசநோய்ச் சிகிச்சையை முடிக்கப் போராடுகிறவர்களுக்காகவும், அவர்களைத் தேடி வெயிலிலும் மழையிலும் போகும் கிராம ஊழியர்களுக்காகவும் தினமும் ஜெபியுங்கள்.

4. வருடம் முழுவதும் தவறாமல் தாங்கிவரும் பங்காளர்களுக்காக எங்களோடு சேர்ந்து கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் ஓட்டத்தைப் பெலப்படுத்துவாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர் குழுவினர்