ஊர் அபராதம் செல்லுமா?

கேள்வி: புலிகாட் ஏரியில், திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த சின்னத் தீவு எங்களுடையது. படகுத்துறை விளக்கும் குடிநீர்க் குழாயும் இரவில் அடிக்கடி உடைக்கப்படுகின்றன. ஊர்ப் பிள்ளைகள்மீதுதான் சந்தேகம். அபராதம் போடலாம், கட்டாத குடும்பத்தை ஒதுக்கிவைக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். இது செல்லுமா?

– தடா மண்டல வாசகர்

பதில்: செல்லாது.

புலிகாட் மீனவ ஊர்கள், எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்பதைப் ‘பாடு’ முறையில் தலைமுறைகளாகத் தாமே பிரித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டுப்பாடு மதிப்புக்குரியது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் ஊர்க்கூட்டத்துக்குக் கிடையாது. கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டிப் பணம் வாங்கினால் பெரியவர்கள்மீதே வழக்கு பாயும்.

விளக்கும் குழாயும் பஞ்சாயத்து அல்லது அரசுச் சொத்து என்றால், 1984ஆம் ஆண்டின் பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் பொருந்தும். குடிநீர், மின்சார அமைப்புகளைச் சேதப்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை கடுங்காவலும் அபராதமும் உண்டு. 6 மாதத்துக்குக் குறைக்க, நீதிமன்றம் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இது ஊரார் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய வழக்கும் அல்ல.

ஒருவரின் படகையோ வலையையோ நாசமாக்கியிருந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவு வரும். நஷ்டம் 20,000 ரூபாயிலிருந்து 1 லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை, 1 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை சிறை. நஷ்டம் 1 லட்சத்துக்குக் குறைவு என்றால், நஷ்டப்பட்டவர் விரும்பினால் சமரசம் செய்யலாம்.

புலிகாட் ஏரியிலுள்ள இரக்கம் போன்ற தீவுகளில் புகார் கொடுக்கவே படகேற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. புகாரை மின்னணு முறையில் அனுப்பிவிட்டு, 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். தமிழ்நாட்டுப் பக்கம் ஆரம்பாக்கத்தில் கொடுத்தாலும் தடாவுக்கு மாற்றப்படும். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

உடைத்தது 18 வயது நிரம்பாத பிள்ளைகள் என்றால் பாதையே வேறு. அவர்கள் விவகாரம் இளைஞர் நீதி வாரியத்துக்குப் போகும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி வாரியம் ஆலோசனைக்கு அனுப்பலாம், கண்காணிப்பில் சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். பெரியவர்கள் கேட்கும் அபராதம், குடும்பத்தை ஒதுக்காமலே, சட்டப்படி கிடைக்கும் இடம் இதுதான்.

புகாருக்கு ஆதாரமாக ஊர் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. கிராம சபையில் விளக்கு, குழாய், மோட்டார் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, எது யாருடைய சொத்து, என்ன விலை என்று பதிவு செய்ய வேண்டும். உடைந்த அன்றே தேதியோடு படமெடுத்து, பஞ்சாயத்துச் செயலாளரிடம் பழுதுச் செலவுக்கு எழுத்துமூலம் மதிப்பீடு வாங்க வேண்டும். படம் எடுத்த கைபேசியைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.