தாங்குவது எது? அடக்குவது எது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘ஷாக் அப்சார்பர்’ என்னும் கருவியைத் தமிழில் ‘அதிர்வுத் தாங்கி’ என எழுதுகிறோம். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நம் மனத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது. வண்டியின் எடையையும், பள்ளத்தில் விழும்போது உண்டாகும் அடியையும் இக்கருவியே தாங்குகிறது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவற்றைத் தாங்குவது சுருள்வில். தாங்கிய பின் எழுகின்ற ஆட்டத்தை அடக்குவதே இக்கருவியின் வேலை. ‘அதிர்வடக்கி’ என்பதே இதற்குப் பொருந்தும் பெயர். இந்த வேறுபாட்டை அறியாததால்தான், பழுதான அதிர்வடக்கியோடு பலர் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுகின்றனர்.

தூளியும் ஜட்காவும்

தொட்டில் ஸ்பிரிங்கில் தூளி கட்டிக் குழந்தையைப் படுக்க வைப்பதை நம் வீடுகளில் காண்கிறோம். ஒருமுறை இழுத்துவிட்டால் தூளி நெடுநேரம் மேலும் கீழும் ஆடுகிறது. அதற்குக் காரணம் என்ன? சுருள்வில் தான் பெற்ற ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறதேயன்றி, எளிதில் செலவழிப்பதில்லை. குழந்தைக்கு அந்த ஆட்டம் தாலாட்டு. வண்டிக்கோ அதுவே கேடு.

பழைய ஜட்கா வண்டியில் பட்டைவில் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசும். அவ்வுராய்வே ஆட்டத்தை ஓரளவு அடக்கியது. மோட்டார் வண்டிகள் வந்த தொடக்கக் காலத்தில், பிரான்சு நாட்டு ட்ருஃபோவும் அமெரிக்கரான ஹார்ட்ஃபோர்டும் உராய்வுத் தகடுகளால் ஆன தனி அடக்கியை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். ஆனால் உலர்ந்த உராய்வுக்கு ஒரு குறை உண்டு. சிறு மேட்டில் அது அசையாமல் விறைத்து நிற்கும். பெரும் பள்ளத்தில் போதாமல் போகும். எண்ணெய் அப்படியன்று. மெல்லத் தள்ளினால் மெல்லத் தடுக்கும். வேகமாகத் தள்ளினால் வலுவாகத் தடுக்கும். ஆகவே எண்ணெய் அடக்கியே வென்றது.

நம் மாநிலத்துப் புல்லட்

1940-களில் பல மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகவே பொருத்தப்பட்டிருந்தது. 1949-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வெளிவந்த புல்லட் 350, ஸ்விங் ஆர்ம் என்னும் ஏந்துகையையும், அதன் இருபுறமும் எண்ணெய் அடக்கிகளையும் கொண்டிருந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுடன் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது; பின்னர்த் திருவொற்றியூரில் புல்லட்டுகள் உருவாயின. அவ்வழி வந்த பழைய வண்டிகள் திண்டுக்கல் வீதிகளில் இன்றும் ஓசையெழுப்பிச் செல்கின்றன. வீட்டிலேயே அடக்கியை மாற்றக் கற்க விரும்புவோர்க்கு அவ்வண்டி ஒரு நல்ல ஆசான். ஏனெனில் அதில் எல்லாம் வெளியே கண்ணுக்குத் தெரியும்படி அமைந்துள்ளன.

கருவியின் உள்ளே எண்ணெய் நிறைந்த உருளையும், சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட பிஸ்டனும் உள்ளன. சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் நகர, எண்ணெய் அத்துளைகள் வழியே பிதுங்கிச் செல்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. நாம் வகுப்பில் படிக்கும் ‘தடையுறு அலைவு’ இதுவே. வங்கிக் கதவின் மேலுள்ள கை, கதவை அறையாமல் மெல்லச் சாத்துவதும் இம்முறையிலேயே.

ஒரு சிறு கணக்கு

வண்டியின் எடையால் பின்புறம் 5 செ.மீ. அமுங்குவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐ 0.05-ஆல் வகுத்தால் 196. அதன் வர்க்கமூலம் 14. அதனை 6.28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.2. அதாவது அடக்கி இல்லாவிடில் வண்டி ஒரு விநாடிக்கு இருமுறைக்குச் சற்று அதிகமாக ஆடும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. எனவே ஓர் ஆட்டத்திற்கு 5 மீட்டர். மூன்று ஆட்டத்திற்கு 15 மீட்டர். அவ்வளவு தூரமும் டயர் சாலையை ஒரு கணம் அழுத்துகிறது, மறுகணம் தளர்கிறது. உராய்வு விசை செங்குத்து விசையைப் பொறுத்தது என்பது நாம் அறிந்த விதி. டயர் தளரும் கணத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் வழுக்கும். வேகத்தடையைத் தாண்டியதும் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அந்த 15 மீட்டரின் விலை என்ன? பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைப் பாதையில் இறங்கும்போது அதன் விலை என்ன? பழுதான அடக்கியால் முதுகுவலி வரும் என்பது மட்டுமே பலருக்குத் தெரியும். உயிருக்கும் ஊறு வரும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

பழுதை அறிவது எப்படி?

வண்டியின் பின்புறத்தை இரு கைகளாலும் நன்கு அமுக்கிவிடுக. எழுந்து உடனே அமைதியானால் நலம். இரண்டு மூன்று முறை துள்ளினால் அடக்கி தேய்ந்துவிட்டது. அடக்கியின் உடலில் எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் சீல் கெட்டுவிட்டது. நம் பகுதியின் செம்மண் புழுதி பிஸ்டன் தண்டில் ஒட்டி, சீலை அராவுவது இதற்கு ஒரு காரணம்.

இங்கு ஒரு தவறான வழக்கத்தைச் சுட்டவேண்டும். வண்டி துள்ளினால் அடிவளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கிவிடுகின்றனர். அதனால் வண்டியின் பின்புறம் உயருமேயன்றி, போன எண்ணெய் திரும்புமா? சுமைக்கு ஏற்பத் திருத்தவே அவ்வளையம். அடக்கும் தன்மையை அது மீட்டுத் தராது.

மாற்றும் முறை

1. இரு பக்க அடக்கிகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று புதிது, மற்றொன்று பழையது என்றால் இரு பக்கத் தடையும் சமமாக இராது.

2. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துக. சைலன்சர் ஆறியபின் வேலை தொடங்குக.

3. துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வைக்கவும். பழைய புல்லட்டில் அங்குல அளவு நட்டுகளும் உண்டு. மில்லிமீட்டர் ஸ்பானர் தளர்வாக இருந்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். சரியான ரிங் ஸ்பானரே ஏற்றது.

4. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுக. மறுபக்கத்து அடக்கி ஏந்துகையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் சக்கரம் தொங்கிவிடும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்க.

5. புதியதை மாட்டும்போது துளை நேர்படாவிட்டால், சக்கரத்தின் கீழ்ப் பலகையைச் செருகிச் சற்று உயர்த்துக. சுத்தியலால் அடிக்கவேண்டாம். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவலாகாது. அது ரப்பரைக் கெடுக்கும். சோப்பு நீர் போதும்.

6. நட்டுகளை முதலில் அளவாக முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பின் முழுதும் இறுக்குக. அப்போது புஷ் முறுக்கேறாது. இருபக்க அடிவளையங்களும் ஒரே படியில் இருக்கட்டும்.

7. மீண்டும் அமுக்கிப் பார்க்கவும். சில நாள் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சரிபார்க்கவும்.

ஓர் எச்சரிக்கை: பழைய அடக்கியின் ஸ்பிரிங்கைத் தனியே பிரிக்க முயலவேண்டாம். அமுங்கிய நிலையில் உள்ள அது திடீரென விடுபட்டால் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். அவ்வேலை உரிய பிடிகருவி உள்ள பட்டறைக்கே உரியது.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ‘இந்தப் படிப்பெல்லாம் எதற்கு உதவும்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியில் தவறில்லை. பட்டறையிலுள்ள மெக்கானிக் சூத்திரம் படித்தவர் அல்லர்; எனினும் வண்டியை ஒருமுறை அமுக்கியே நோயைச் சொல்லிவிடுகிறார். அவர் கை அறிந்ததை நாம் கணக்கால் அறிகிறோம். இரண்டும் சேர்ந்தால் பயன் பெரிது. நண்பர்களே, இன்று மாலை வீடு திரும்பியதும், தந்தையோ அண்ணனோ ஓட்டும் பழைய வண்டியின் பின்புறத்தை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அது எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சொல்லும் பொருளை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.