‘நெட் சுத்துது சார்’

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழி மதிப்பீடு நடக்கும் நாளில் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். கடலூரிலும் சிதம்பரத்திலும் கணினி ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி கடைசி வினாவுக்கு விடையளித்துச் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துகிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறது. விடை போய்ச் சேர்ந்ததா, தான் ஏதேனும் தவறாக அழுத்திவிட்டோமா என்று அவள் முகம் வாடுகிறது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் பதற்றத்தில் ரௌட்டரை அணைத்துப் போடுகிறார். மற்ற 19 பிள்ளைகளின் இணைப்பும் சேர்ந்து அறுந்துவிடுகிறது.

‘சுத்துது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. தரவு மெதுவாக வருவது ஒன்று. பாதியில் நின்றே போவது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் நின்றுபோவதைப் பார்ப்போம். நாம் அனுப்பும் விடை சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. டிசிபி என்னும் நெறிமுறை, ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலைப் போன்றது. ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை திரும்பி வராவிட்டால், அனுப்பிய கணினி அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். முதல் காத்திருப்பு 1 நொடி என்று வைத்துக்கொண்டால் அடுத்தடுத்து 2, 4, 8, 16 நொடிகள். ஐந்து முறை தவறினால் 31 நொடிகள் போய்விடும். இடையில் இணைப்பு சரியாகிவிட்டாலும், அடுத்த முயற்சிக்கான நேரம் வரும்வரை கணினி பேசாமல் இருக்கும். பக்கத்தை மூடித் திறந்தால் ‘உடனே வந்துவிட்டது’ என்று மாணவர்கள் வியப்பதற்கு இதுவே காரணம். புதிய இணைப்பு பழைய காத்திருப்பைச் சுமப்பதில்லை. பெருக்குத் தொடர்வரிசை நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆனால், காத்திருப்பை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும்? உடனுக்குடன் அனுப்பினால் என்ன? இதற்கு விடை 1986 அக்டோபரில் அமெரிக்காவில் கிடைத்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 400 கஜம்தான். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் என்றிருந்த வேகம் திடீரென 40 பிட்டாகச் சரிந்தது. 800 மடங்கு வீழ்ச்சி. கம்பி எதுவும் அறுந்துவிடவில்லை. நெரிசலால் தாமதமான பொட்டலங்களைத் தொலைந்தவை என்று கருதிக் கணினிகள் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் மேலும் முற்றியது. ஆருத்ரா தரிசனத் தேரோட்டத்தன்று சிதம்பரம் கீழவீதிக்குள் வண்டியை விட்டுவிட்டு, நகரவில்லையே என்று இன்னொரு வண்டியையும் அனுப்பிவைத்தால் எப்படியிருக்கும்! வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து, ‘மெதுவாகத் தொடங்கு, நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறை’ என்னும் முறையை மென்பொருளில் சேர்த்தார். அவரும் மைக்கேல் கேரல்ஸும் செய்த இந்தப் பணி 1988இல் கட்டுரையாக வெளிவந்தது. இன்றைய கணினிகளிலும் அதன் அடிப்படை தொடர்கிறது. ஆகவே ஒரே நேரத்தில் 20 பிள்ளைகளும் ‘ரெஃப்ரெஷ்’ பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கவிடாதீர்கள். முந்தைய விடை பதிவாகிவிட்டதா என்று பார்த்த பிறகு, ஒவ்வொருவராகச் செய்யட்டும்.

இனி, மெதுவாக வருவது. இதில் பாதிப் புகார்கள் வெறும் கணக்கு. 20 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 20 மெகாபிட். எட்டால் வகுத்தால் இரண்டரை மெகாபைட். 50 மெகாபைட் கொண்ட பாடக் காணொலியை 20 கணினிகளிலும் தனித்தனியே திறந்தால் மொத்தம் 1,000 மெகாபைட். குறைந்தது 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி ஆகும். இங்கே பழுது எதுவும் இல்லை. முதல் நாள் மாலையே ஒருமுறை இறக்கி, ஆய்வகச் சர்வரில் வைத்துவிட்டால் போதும்.

கணக்குக்கும் ஒத்துவராத தாமதம் என்றால்தான் துப்பறிய வேண்டும். ஒரு கணினியிலா, எல்லாவற்றிலுமா? ஒரு தளத்துக்கா, எல்லாத் தளங்களுக்குமா? எப்போதுமா, குறிப்பிட்ட நேரத்திலா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது என்பது என் ஆய்வகத்தில் எழுதப்படாத விதி.

அடுத்து ‘பிங்’ கட்டளை. முதலில் ரௌட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கும் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸில் இது 4 முறை மட்டும் கேட்டு நின்றுவிடும். அது போதாது, 50 முறையாவது கேட்கச் செய்யுங்கள். பக்கத்திலிருக்கும் ரௌட்டரே தாமதமாகப் பதிலளித்தால் சிக்கல் நம் அறைக்குள் இருக்க வாய்ப்பு மிகுதி. ரௌட்டர் சட்டென்று பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் தடுமாறினால் சிக்கல் வாசலுக்கு அப்பால்.

அப்பால் என்றதும் நிறுவனத்தின் மேல் பழி போட்டுவிட முடியாது. யாரும் பயன்படுத்தாதபோது 30 மில்லி நொடியில் வந்த பதில், ஆசிரியர் ஒருவர் விழாப் படங்களைப் பதிவேற்றும்போது 900 ஆக ஏறுகிறது என்றால், ரௌட்டரிலோ மோடத்திலோ பொட்டலங்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்று பொருள். தேவைக்கு மேல் பெரிய வரிசை வைத்திருப்பதால் வரும் இந்தக் கேட்டை ஜிம் கெட்டிஸ் என்பவர் தம் வீட்டு இணைப்பிலேயே கண்டு, 2010 இறுதியில் எழுதத் தொடங்கினார். மதிப்பீட்டு நேரத்தில் படப் பதிவேற்றத்தை ஒத்திவைப்பதே நமக்குச் செலவில்லாத தீர்வு.

கடலூரில் ஒரு பள்ளியில் +2 மாணவன் ஒருவன், “சார், இந்த ஒன்னு மட்டும்தான் சார் இழுக்குது” என்றான். ‘ஒன்று மட்டும்’ என்ற அந்தச் சொல்லே பாதி விடை. பக்கத்துக் கணினியின் கேபிளை மாற்றிச் செருகச் சொன்னேன். நோய் கேபிளோடு இடம் மாறியது. 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். 100க்கு இரண்டு இணைகள் போதும். ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் இறங்கிவிடக்கூடும். மேசைக்காலுக்கடியில் நசுங்கியிருந்த அந்த கேபிளின் முனையை வெட்டி, கிரிம்பிங் கருவியால் புதிய இணைப்பியை அவனே பொருத்தினான். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் உள்ள வலையமைப்பு வடமிடல் பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. கடலோரப் பள்ளிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: உப்புக்காற்று இணைப்பிகளின் உலோக முனைகளை அரிக்கும்.

கடைசியாக, பலரைக் குழப்பும் ஒரு வகை. உள்நுழைவுப் பக்கம் உடனே திறக்கும், குறுஞ்செய்தி போகும், படத்தை அனுப்பினால் மட்டும் அசையாது. சாதாரணமாக ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். சில அகலக்கற்றை இணைப்புகளில் 8 பைட் கூடுதல் உறைக்குப் போக, 1,492 மட்டுமே செல்லும். ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்ற அறிவிப்பை வழியில் ஏதேனும் ஒரு பாதுகாப்பு அமைப்பு தடுத்துவிட்டால், அனுப்பும் கணினி அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சோதிப்பது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற குறிப்புடன் 1,464 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். பிறகு 1,472 பைட்டில் அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து இவை முறையே 1,492, 1,500 ஆகும். முன்னதற்குப் பதில் வந்து, பின்னது சத்தமில்லாமல் மறைந்தால் நோய் இதுதான். ரௌட்டரில் எம்டியு என்ற அளவை 1,492 என்று மாற்றச் சொல்லுங்கள்.

‘நெட் வரவில்லை’ என்று புகார் கொடுத்தால் வருபவர் ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்போது என் ஆய்வகத்தில் ஒரு கோடிட்ட நோட்டு இருக்கிறது. நாள், நேரம், எத்தனை கணினிகள், ரௌட்டருக்கு பிங், வெளிக்கு பிங், அப்போது யார் எதைப் பதிவேற்றிக்கொண்டிருந்தார்கள் என்று ஆறு கட்டங்கள். மாணவர்களே எழுதுகிறார்கள். பழுது பார்க்க வருபவர் இப்போது முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.