தூசியில் ஆக்சிஜன்

ஒன்பதாம் வகுப்பில் ஆக்சிஜன் 16, 17, 18 என்று எழுதியதும், "இதை அளந்து என்ன சார் பயன்?" என்று ஒரு மாணவர் கேட்பார். இட்டோகாவா குறுங்கோளைச் சொல்லுங்கள். 2010இல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் அங்கிருந்து கொண்டுவந்தது வெறும் தூசி. அதில் சற்றுப் பெரிய துகள்கள்மீது அயனிக்கற்றையைப் பாய்ச்சி, தெறித்த ஆக்சிஜன் அயனிகளை நிறை நிறமாலைமானியின் காந்தப்புலத்தில் பிரித்து எண்ணினார்கள். நிறை குறைந்த அயனி அதிகம் வளையும். மூன்றின் விகிதம் பூமிப் பாறைகளோடு ஒத்துப்போகவில்லை; பூமியில் அதிகம் விழும் விண்கல் வகையோடு பொருந்தியது. அக்கற்கள் இத்தகைய குறுங்கோள்களிலிருந்தே வருகின்றன என்பது உறுதியானது.

இந்த வளைவை வகுப்பில் காட்டக் காந்தமும் இரும்புக் குண்டுகளும் வேண்டாம். குண்டு பெரிதானால் இழுவிசையும் கூடிவிடும். டேபிள் டென்னிஸ் பந்தையும் அதே அளவு காய்ந்த களிமண் உருண்டையையும் சாய்பலகையில் உருட்டி, பக்கவாட்டில் மேசைவிசிறியை வையுங்கள். காற்றின் விசை ஏறத்தாழ ஒன்றே. இலேசான பந்து விலகி ஓடும்.