கடைவீதிக்கு ஏற்ற முகக்கவசம்

கரடியூரிலிருந்து ஏற்காட்டுக் கடைவீதிக்குப் புறப்படுவோர் பையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்த நிலை 2020-ஆம் ஆண்டில் மாறிற்று. அவ்விரண்டோடு முகக்கவசமும் சேர்ந்துகொண்டது. கோவிட் நோயைப் பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 11-ஆம் நாள் கூறிற்று. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஊர் அடங்கினாலும் அடுப்பு அடங்குவதில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் ஒருவர் கடைக்குச் சென்றே ஆகவேண்டும். வாசலைத் தாண்டாத முதியோர் பலரையும் அவ்வாறு சென்று திரும்பியவர் வழியாகவே நோய் பற்றியது.

உலகளாவிய அந்நெருக்கடி முடிவுற்றதென 2023 மே 5-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. இன்று முகக்கவசக் கட்டளை ஏதும் இல்லை. எனினும் அப்போது கற்ற பாடத்தை மறந்துவிடுதல் தகாது. இத்தகைய நோய் மீண்டும் வருமாயின், தடுப்பூசி கிட்டப் பல மாதங்கள் ஆகலாம். துணியும் நூலும் தையல் தெரிந்த கைகளுமோ ஒவ்வோர் ஊரிலும் இன்றே உள்ளன. ஆகவே நல்ல கவசத்தைத் தேர்ந்துகொள்ளும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

ஒரு மூதாட்டி கற்பித்தது

பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்னும் விதி நம் மாநிலத்தில் 2020 செப்டம்பரில் வந்தது. அவ்வாண்டின் இறுதியில், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், கரடியூர்ப் பக்கம் நியாய விலைக் கடை ஒன்றின் முன் நின்ற வரிசையைப் பார்வையிட்டேன். கவசம் இல்லாதவர் எவருமில்லை. ஆனால் பாதிப்பேருக்கு அது கழுத்தில் தொங்கிற்று; என் ஜீப்பைக் கண்டதும் மூக்குக்கு ஏறிற்று. முன்னால் நின்ற மூதாட்டியிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கூறிய விடை இது: "ஐயா, இதைப் போட்டுக்கிட்டு மேட்டுல ஏறினா மூச்சு முட்டுது. காது அறுந்துபோற மாதிரி வலிக்குது. நீங்க வண்டியில வர்றீங்க."

அந்தக் கவசத்தை வாங்கிப் பார்த்தேன். வழியில் எவரிடமோ விலைக்கு வாங்கியது. காற்றுப் புகாத செயற்கை இழைத் துணி; குட்டையான எலாஸ்டிக்; மூக்கின் இருபுறமும் விரல் நுழையும் இடைவெளி. குறை அவருடையதன்று என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். எத்தனை பேர் அணிந்தனர் என்று எண்ணிக் கணக்கெழுதிய நாங்கள், அது அணியத் தக்கதா என்று ஒருவரையும் கேட்டதில்லை. முகத்தில் நில்லாத கவசம் கவசமன்று. வசதி என்பது இங்கே சொகுசுக்கான பேச்சு அல்ல. பாதுகாப்பின் முதல் அங்கமே அதுதான்.

கவசம் செய்யும் வேலை

நோயுற்றவர் இருமும்போதும், உரக்கப் பேசும்போதும், மூச்சு விடும்போதுங்கூட நுண்ணிய துளிகள் வெளிப்படுகின்றன. பெரியவை விரைவில் தரையில் விழுகின்றன; மிகச் சிறியவை புகைபோலக் காற்றில் மிதக்கின்றன. கவசம் அணிந்தவரின் துளிகள் வெளியே பரவுவதை அது பெரிதும் குறைக்கிறது. பிறர் துளிகள் உட்புகுவதையும் ஓரளவு குறைக்கிறது. நோய்க்குறி தோன்றுமுன்னரே கோவிட் பிறருக்குப் பரவியதால், நலமாயிருப்பதாக எண்ணியவரும் அணிய வேண்டியதாயிற்று.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1910-11-ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே மெல்லிய துணியிடையே பஞ்சை வைத்துத் தலைக்குப் பின்னால் கட்டும் கவசத்தைப் பரப்பினார். அக்கருத்தை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் அந்நோய்க்கே இரையானார்.

சந்தையில் இதன் தேவை மிகுதி. 2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அதற்குள் அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களின் கிராமங்களை நோய் எட்டிவிட்டது.

தேர்ந்தெடுக்கும் முறை

துணி: நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே உடலோடு ஒட்டும் பக்கத்துக்கு ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும், தோலை உறுத்தாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கிடையே ஒளி தாராளமாகத் தெரியும் துணியை ஒதுக்குக. ஓரடுக்கு போதாது, உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்றடுக்கைப் பரிந்துரைத்தது. அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனாலும் தீங்கு உண்டு. மூச்சு துணி வழியே செல்ல இயலாதபோது ஓரங்களின் வழியே செல்லும், துணி வீணாகும்.

அளவு: மூக்குத் தண்டு முதல் மோவாயின் அடிவரை மூடவேண்டும். பெரியவர்களுக்கு 9 அங்குலத்துக்கு 7 அங்குலமும், சிறுவர்களுக்கு 7 அங்குலத்துக்கு 5 அங்குலமும் உள்ள துண்டு ஏற்றது. நடுவே மடிப்பு வைத்துத் தைத்தால் வாய் திறந்து பேசும்போது இறங்காது. மேல் ஓரத்தில் வளையும் கம்பி ஒன்றைச் செருகி மூக்கின் மேல் அழுத்திவிட்டால் இடைவெளி அடைபடும். மூக்குக்கண்ணாடியிலும் ஆவி படியாது.

கட்டு: நெடுநேரம் அணிவோருக்குக் காதில் மாட்டும் எலாஸ்டிக்கைவிடத் தலைக்குப் பின்னால் முடியும் நாடா மேலானது. மேல் நாடாவை உச்சிக்குப் பின்னும், கீழ் நாடாவைப் பிடரியிலும் கட்டவேண்டும். அவரவர் தலைக்கேற்ப இறுக்கலாம், காது வலிக்காது. மூட்டை சுமக்கும்போதும் நழுவாது.

காலநிலை: நம் மலைக்கே உரிய தொல்லை மூடுபனி. நனைந்த கவசத்தில் மூச்சு விடுதல் கடினம், காப்பும் குறையும். ஆகவே கடைக்குச் செல்வோர் இரண்டு கவசங்களை எடுத்துச் செல்வது நல்லது. ஆளில்லாத ஏற்றத்தில் தனியே நடக்கையில் அணியவேண்டிய அவசியமில்லை. மூச்சை ஆற்றிக்கொண்டு, கடைவீதியை அடையுமுன் கைகளைத் துடைத்து, உலர்ந்ததை அணிக. பேருந்திலும், காற்றோட்டமற்ற கடைக்குள்ளும் கழற்றலாகாது.

முதியோரும், சர்க்கரை நோய், ஆஸ்துமா முதலியவை உடையோரும் நெரிசலில் செல்ல நேர்ந்தால், துணியைவிட என்-95 வகை சிறந்த காப்பளிக்கும். வால்வு வைத்ததை வாங்க வேண்டாம். அணிந்தவரின் மூச்சு அதன் வழியே வடிகட்டப்படாமல் வெளியேறும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கவசம் தேவையில்லை. அவர்களை வீட்டில் விட்டுச் செல்லுதலே முறை. பயிருக்கு மருந்து தெளிக்கையில் துணிக்கவசத்தை நம்புவது ஆபத்து. இது அந்நஞ்சைத் தடுப்பதற்கானது அன்று.

வீட்டிலேயே சோதனை

புதிய கவசத்தை அணிந்து, கால் மணி நேரம் வீட்டு வேலை செய்து பாருங்கள். உரக்கப் பேசுங்கள், குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்குங்கள். கை தானாகவே முகத்துக்குச் செல்கிறதா? துணி மூக்கிலிருந்து இறங்குகிறதா? கன்னத்தருகே காற்றுக் கசிகிறதா? ஆம் எனில் நாடாவையோ மடிப்பையோ திருத்தவேண்டும். கடையில் நின்று சரிசெய்வதைவிட வீட்டில் திருத்துவது எளிது.

திரும்பி வந்ததும் நாடாவைப் பிடித்துக் கழற்றி, முன்புறத்தைத் தொடாமல், சோப்பு நீரில் துவைக்கவேண்டும். சமவெளியில் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் உலர்த்தலாம். பனியால் வெயில் காணாத நாட்களில் 15 நிமிடம் கொதிநீரில் இட்டு, அடுப்பங்கரையில் உலர்த்தி எடுப்பதே நமக்கு ஏற்ற வழி. ஒருவர் கவசத்தை மற்றவர் அணியலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

அன்று மூதாட்டியிடம் வாங்கிய கவசத்தை மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் காட்டினேன். பருத்தித் துணியில், நீண்ட நாடா வைத்து, சில நாட்களில் புதியவை தைத்துக் கொடுத்தனர். அடுத்த முறை சென்றபோது அந்த வரிசையில் என் ஜீப்பைக் கண்டு எவர் கையும் கழுத்துக்குப் போகவில்லை. கவசம் ஏற்கனவே இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மூதாட்டியிடம் என் கடுஞ்சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தேன்.

பஞ்சாயத்துகள் இதிலிருந்து கொள்ளவேண்டியவை மூன்று. ஒன்று, மொத்தமாக வாங்குமுன் பத்துப் பேரை அணியச் செய்து அவர்கள் கருத்தைக் கேட்டல். இரண்டு, ஊரில் தையல் இயந்திரம் உள்ளவர்களின் பட்டியலை இப்பொழுதே எழுதி வைத்தல். மூன்று, கடைகளில் இடைவெளி, காற்றோட்டம், கை கழுவும் நீர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தல். கவசம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடாது.

கட்டளையும் அபராதமும் கவசத்தைக் கழுத்துவரை கொண்டுவரும். அங்கிருந்து மூக்குக்கு அதனை ஏற்றுவது, அணிபவரின் சிரமத்தைக் கேட்டறிந்து திருத்தும் அன்பே. மேட்டில் ஏறுபவரின் மூச்சை எண்ணிப் பார்ப்போமாக.