குதிரைப் பந்தயமும் குதிரையும்

குதிரைப் பந்தயம் என்றவுடன் தமிழ்நாட்டில் முதலில் எழும் சொல் சூது என்பதாகும். கிண்டிப் பந்தயம் எத்தனை குடும்பங்களின் நகைகளை விழுங்கியது, எத்தனை தொழிலாளரின் ஊதியம் வீடு வந்து சேராமற் போயிற்று என்பனவே நம் மேடைகளிலும் இதழ்களிலும் பேசப்பட்டு வந்தன. அப்பேச்சு முற்றிலும் நியாயமானதே. ஆயினும் அதில் ஓர் உயிர் விடுபட்டுப் போயிற்று. ஓடியது குதிரை, அடிபட்டது குதிரை, கால் முறிந்தால் பெரும்பாலும் அன்றே கொல்லப்படுவதும் குதிரை. அவ்வுயிரைக் குறித்தே இக்கட்டுரையில் சிந்திக்க முனைகின்றோம்.

சட்ட வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1974ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுதலையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதனை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1996 சனவரியில் முடிவுற்றது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, பெரிதும் திறமையைச் சார்ந்தது. ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்பது அத்தீர்ப்பு. குதிரையின் மரபு, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை அறிந்து கணிப்பதே அத்திறமை என்று கூறப்பட்டது. 2023 அக்டோபர் முதல் பந்தயப் பணம் முழுமைக்கும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டபோது, பந்தயத் தொழில் தாங்குமா என்பது பேசப்பட்டது. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்துச் செய்யப்பட்டுக் கிண்டித் திடலின் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசு கையகப்படுத்தியபோது, வாடகைப் பாக்கியும் வெள்ளநீர் தேங்க வெட்டப்படும் குளங்களும் பேசப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாகத் திறமை, வரி, நிலம் எனப் பேசினோம். குதிரைக்கு அதில் என்ன நேர்கிறது என்பது எங்கும் வழக்கின் பொருளாகவில்லை.

என்ன நேர்கிறது? தரோபிரெட் எனப்படும் பந்தய இனக் குதிரை ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ளது. முழு வேகத்தில் பாய்கையில், ஒரு கணம் அதன் உடல் முழுவதும் ஒற்றைக் காலின்மேல் நிற்கிறது. எடையின் இருமடங்கிற்கும் மேற்பட்ட விசை அக்காலில் இறங்குகிறது. முழங்காலுக்குக் கீழே அக்காலில் தசை இல்லை. எலும்பும் நரம்புக் கயிறுகளும் தோலுமே உள்ளன. இத்தகைய கால்களோடு அது இரண்டு வயதிலேயே பந்தயத்தில் இறக்கப்படுகிறது. முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற ஐந்து வயதாகும் என்கின்றனர் கால்நடை மருத்துவர். இளமையில் அளவான ஓட்டம் எலும்பை உறுதிப்படுத்தும் என்று ஆய்வுகள் கூறுவதும் உண்மையே. அளவான ஓட்டம் வேறு. பரிசுக்காக முதுகில் ஆளைச் சுமந்து உச்ச வேகத்தில் ஓடுதல் வேறு.

மனிதனுக்குக் கால் முறிந்தால் கட்டுப் போட்டுப் படுக்க வைக்கின்றோம். குதிரை நெடுநாள் படுத்திருக்க இயலாத உயிர். முறிந்த காலைக் காக்க மற்றைக் கால்களில் எடையை ஊன்றும். அக்கால்களின் குளம்புக்குள் அழற்சி கண்டு அவையும் கெடும். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்னும் குதிரை, இரண்டு வாரங்களில் அடுத்த பெரும் பந்தயத்தில் கால் முறிந்து வீழ்ந்தது. பணத்திற்கும் மருத்துவத்திற்கும் அங்கே குறைவில்லை. எட்டு மாதங்கள் போராடிய பின்னர், 2007 சனவரியில், அக்குளம்பு நோயினாலேயே அதனைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது.

வெளியே தெரியாத துன்பங்களும் உள. கடுமையாக ஓடும் குதிரைகளுக்கு நுரையீரலில் குருதி கசிதல் மிகப் பரவலான நோய். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரப்பது. ஏனெனில் அது நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட உயிர். லாயத்தில் அடைத்து, வேளை தவறாது தானியத்தைக் கொட்டினால் அவ்வமிலம் வயிற்றையே அரிக்கும். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளுள் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் உள்ளது. பளபளக்கும் மேனியைக் கண்டு செல்வமாக வளர்கிறது என்கிறோம்; உள்ளே புண்.

சாட்டையைப் பற்றி ஒரு சொல். குதிரைத் தோல் தடித்தது, அடி வலிக்காது என்பது நெடுங்காலக் கூற்று. சிட்னிப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், குதிரையின் மேற்றோல் மனிதனுடையதைவிடத் தடித்ததன்று என்றும் வலியுணரும் நரம்பு நுனிகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒப்பவே உள்ளன என்றும் கண்டனர். அடித்தாலேயே ஓடும் என்பதும் ஆராயப்பட்டது. அடியால் வேகம் கூடவில்லை என்று 2011ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டிற்று. நார்வே நாடு 1982இலேயே சாட்டையடியைத் தடுத்தது. அங்கே இன்றும் பந்தயம் நடந்தே வருகிறது.

குதிரைக்கு ஓட்டம் இயல்பு, அது மகிழ்ந்தே ஓடுகிறது என்பார் உளர். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. ஜாக்கி விழுந்த பின்னும் வெறுஞ் சேணத்துடன் கூட்டத்தோடு ஓடிவரும் குதிரையை யாரும் கண்டிருக்கலாம். ஆனால் அக்குதிரை கூட்டத்தை விட்டுப் பிரிய அஞ்சியே ஓடுகிறது. பரிசைக் கருதி ஓடவில்லை. களைத்தால் நிற்கவும், நொந்தால் விலகவும் உரிமையுள்ள ஓட்டமே இயல்பான ஓட்டம். லாயப் பணியாளர் பலர் தம் குதிரையைப் பிள்ளைபோல் பேணுகின்றனர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. அவர்களது அன்பு குதிரையின் வாழ்நாளைத் தீர்மானிப்பதில்லை என்பதே துயரம். இருபத்தைந்து ஆண்டுகள் வாழவல்ல உயிரின் ஓட்டக் காலம் நாலைந்து ஆண்டுகளே. எந்நாளில் எத்தனையாவதாக வந்தது என்பதெல்லாம் பந்தயப் புத்தகத்தில் உண்டு. ஓட்டம் நின்றபின் யார் கைக்குப் போயிற்று என்பதற்கு அதில் ஒரு பத்தியும் இல்லை.

குதிரையை உயிராகக் காணும் பார்வை நம் மொழிக்குப் புதியதன்று. சங்க காலத்தில் காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். தலைவனும் ஊர்தியும் ஒரே பெயரைப் பகிர்ந்தனர். புறநானூற்றில் எருமை வெளியனார் பாடிய குதிரைமறப் பாடலை மாணவர் அறிவர். போருக்குச் சென்ற குதிரைகளெல்லாம் திரும்பின, தன் மைந்தனின் தந்தை ஊர்ந்த குதிரை மட்டும் வரவில்லையே எனக் கலங்குகிறாள் ஒருத்தி. கணவன் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. குதிரை வரவில்லை என்கிறாள். அக்கலக்கத்திற்குள் இருவரும் அடக்கம்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து காயல் துறைக்குக் குதிரைகள் வந்திறங்கியதைக் குறித்துள்ளார். மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கு மேல் வாங்குவானாம். ஆண்டு முடிவில் நூறும் எஞ்சாவாம். பேணும் முறை அறியாமையும் லாடம் அடிப்போரும் குதிரை மருத்துவரும் இன்மையும் காரணம் என்கிறார். அத்தகைய வல்லுநர் இங்கு வந்துவிடாமல் வணிகரே தடுத்தனர் என்றும் எழுதுகிறார். குதிரைகள் மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! அரபுக் குதிரை வணிகத்தை நம் முன்னோரின் பெருமையாகவே மலர்தோறும் எழுதி வந்துள்ளோம். குதிரை வீரனைக் குறிக்கும் இராவுத்தர் என்னும் சொல்லைப் பெயராகவே தாங்கிய குடும்பங்கள் நம்மிடையே பல. பெருமையைக் கொள்வோர் இக்குறிப்பையும் உடன் கொள்ளுதலே நேர்மை.

மார்க்கம் குதிரைப் பந்தயத்தை அனுமதித்துள்ளதே என்று வினவுவோர்க்கு ஒரு விளக்கம் தேவை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியமை புகாரியில் இப்னு உமர் (ரலி) வாயிலாகப் பதிவாகியுள்ளது. அந்நபிமொழியை எடுத்துக்காட்டுவோர் பலரும் அதன் பிற்பகுதியை ஊன்றி நோக்குவதில்லை. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா தொடங்கி ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு கல் தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கோ ஸனிய்யத்துல் வதா தொடங்கி பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு கல். உடலின் தகுதிக்கேற்பவே எல்லை வகுக்கப்பட்டது. பந்தயத்தில் குதிரையின் பின்னே ஆள்விட்டுக் கூச்சலிட்டு விரட்டுவதும் அபூதாவூதில் விலக்கப்பட்டுள்ளது. வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்டபோது, வாயில்லா உயிர்கள் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு எச்சரித்த செய்தியும் அந்நூலில் உண்டு. இருவரும் பணம் கட்டி வென்றவர் அள்ளிக்கொள்வது சூது என்பதில் சட்ட அறிஞர்களுக்கு ஐயமில்லை. சூதை நீக்கிவிட்டால் பந்தயம் தூயதாகிவிடும் என்று கருதுவோர் இந்த நபிமொழிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்திலும் வழியில்லாமல் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாய்ப் பிறந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை அடித்தலையும் அளவுமீறி ஓட்டுதலையும் குற்றமென்கிறது. வயதினால் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குதலும் குற்றமே. காளைக்காக இச்சட்டம் உச்சநீதிமன்றத்தில் 2014இலும் 2023இலும் வரிவரியாக ஆராயப்பட்டது. தீர்ப்புகள் இருவேறாயினும் காளையின் வலி அங்கே வினாவாயிற்று. குதிரைக்கு அத்தகைய விசாரணை கிட்டவில்லை. செல்வர் திடலில் ஓங்கும் சாட்டைக்கும் வண்டிக்காரர் கையிலுள்ள சாட்டைக்கும் சட்டத்தின்முன் என்ன வேறுபாடு என்பதை யாரேனும் கேட்டாக வேண்டும்.

பந்தயத்தை உடனே ஒழித்தல் இயலாது எனில், இறப்பை எண்ணி வெளியிடுதலாவது தொடங்கலாம். அமெரிக்காவில் 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு இரண்டு குதிரைகள் மாண்டன. கணக்குப் பொதுவில் வைக்கப்பட்டது. பின்னர் 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தனி ஆணையம் ஓட்டத்திற்கு முந்திய மருத்துவச் சோதனையையும் மருந்துக் கட்டுப்பாட்டையும் கடுமையாக்கிற்று. அவ்வாணையத்தின் திடல்களில் 2024ஆம் ஆண்டின் கணக்கு 0.90. ஆயிரத்திற்கு ஒன்றேனும் உயிர்தானே என்று கேட்பவர் பக்கமே நாமும் நிற்கின்றோம். எனினும் அங்கே அந்த எண் இருக்கிறது; அதனைக் காட்டி வாதிடலாம். பெங்களூரிலும் மும்பையிலும் ஓடும் குதிரைகளுக்கும் அவ்வாறே ஆண்டுக் கணக்கு அச்சிடப்பட வேண்டும். ஓட்டம் முடிந்த குதிரை ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்னும் பட்டியலும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். அதற்குரிய செலவைப் பந்தயப் பணத்திலிருந்தே எடுத்தல் முறை.